சொந்த நிரலோடு வாருங்கள்: ஆய்வாளர்களுக்கு ஒரு ஹேக்கத்தான் வழிகாட்டி

வேலூர், காட்பாடி, சேர்க்காடு, ராணிப்பேட்டை வட்டாரத்தில் ஆய்வு செய்கிற பலருடைய கணக்குகள் இன்றும் லேப் மூலையில் இருக்கும் ஒரு டெஸ்க்டாப்பில்தான் ஓடுகின்றன. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஓட விட்டுவிட்டு வீட்டுக்குப் போய், திங்கட்கிழமை காலையில் வந்து பார்ப்பார்கள். நடுவில் கரண்ட் போய் யுபிஎஸ்ஸும் கைவிட்டிருந்தால் மறுபடி முதலிலிருந்து. நிலத்தடி நீர், மரபணு, மூலக்கூறு இயக்கம், தொலைநோக்கிப் படங்கள் என்று துறை எதுவானாலும் நிலைமை ஏறக்குறைய இதுதான். அந்தக் கணக்கைச் சில மணி நேரத்தில் முடிக்கக்கூடிய கணினிகள் நாட்டில் இருக்கின்றன. அவற்றைப் பயன்படுத்த விஞ்ஞானிகளைப் பழக்குவதற்கு, நான் பார்த்த வழிகளிலேயே நன்றாக வேலை செய்வது ஹேக்கத்தான்தான். காரணம் இதுதான்: அங்கே பயிற்சிக் கணக்கு கிடையாது, உங்கள் கணக்குதான். கீபோர்டில் இருப்பதும் உங்கள் கைதான்.

முதன்முறையாக இதில் கலந்துகொள்ளப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நம் ஊரிலேயே சின்ன அளவில் ஒன்று நடத்த நினைப்பவர்களுக்கும் கடைசியில் சில விஷயங்கள் இருக்கின்றன.

இது எந்த மாதிரி ஹேக்கத்தான்

கல்லூரி விழாக்களில் நடக்கும் ஹேக்கத்தானை மனதில் வைத்துக்கொண்டு வராதீர்கள். அங்கே இரவெல்லாம் விழித்திருந்து புதிதாக ஒரு ஆப் செய்து, நடுவர்களிடம் காட்டிப் பரிசு வாங்குவார்கள். இங்கே புதிதாக எதுவும் செய்ய வேண்டாம். பல வருடமாக நீங்கள் பயன்படுத்திவரும் நிரலை எடுத்துக்கொண்டு, மூன்று பேருக்குக் குறையாத ஓர் அணியாக வருகிறீர்கள். இணை நிரலாக்கம் (ஒரு கணக்கைப் பிரித்துப் பல இடத்தில் ஒரே நேரத்தில் ஓட்டுவது) நன்றாகத் தெரிந்த ஒருவரோ இருவரோ மென்டர்களாக உங்கள் மேசையிலேயே நாலைந்து நாள் உட்காருகிறார்கள். இரவு வீட்டுக்குப் போய்த் தூங்கலாம், தூங்கவும் வேண்டும்.

இந்த வடிவம் 2014-இல் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகத்தின் சூப்பர் கம்ப்யூட்டர் மையத்தில் தொடங்கியது. அங்கே 2012-இல் டைட்டன் என்ற இயந்திரம் வந்திருந்தது. அதன் 18,688 கணுக்கள் (ஒன்றாகக் கோத்த தனித்தனிக் கணினிகள்) ஒவ்வொன்றிலும், வழக்கமான செயலியான ஒரு சிபியுவோடு, ஒரே மாதிரிக் கணக்குகளை ஆயிரக்கணக்கில் ஒரே நேரத்தில் போடும் ஒரு ஜிபியுவும் இருந்தது. இயந்திரத்தின் பலத்தில் பெரும்பங்கு அந்த ஜிபியுக்களில். விஞ்ஞானிகளிடம் இருந்ததோ சிபியுவை நினைத்து எழுதிய பழைய ஃபோர்ட்ரான், சி நிரல்கள். வகுப்பில் உட்கார வைத்தால் எல்லாருக்கும் புரிந்த மாதிரிதான் இருக்கும். ஊருக்குத் திரும்பி, தன்னுடைய இருபதாயிரம் வரி நிரலைத் திறக்கும்போதுதான் எந்த வரியில் கை வைப்பது என்று தெரியாமல் நிற்பார்கள். அந்த இடைவெளியை அடைக்க, நிரலை எடுத்துக்கொண்டு இங்கே வாருங்கள் என்று அழைத்தார்கள். பிறகு ஜிபியு தயாரிக்கும் என்விடியாவும், நிரலை ஜிபியுவுக்கு அனுப்பும் ஓப்பன்ஏசிசி கட்டளைகளை வளர்க்கும் அமைப்பும் சேர, பல நாடுகளுக்குப் பரவியது. இந்தியாவிலும் அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கோடு சேர்ந்து நடக்கிறது.

நம் நாட்டில் இதற்கு நல்ல தேவை இருக்கிறது. 2015-இல் 4,500 கோடி ரூபாய் மதிப்பில் தேசிய சூப்பர் கம்ப்யூட்டிங் இயக்கம் தொடங்கியது. அதன் கீழ் 2022-இல் திருச்சி என்ஐடிக்கு 838 டெராஃப்ளாப் (ஒரு டெராஃப்ளாப் என்றால் வினாடிக்கு லட்சம் கோடி கணக்கு) திறனுள்ள பரம் பொருள் என்ற கணினி வந்தது. அதே வருடம் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துக்கு 3.3 பெட்டாஃப்ளாப் (3,300 டெராஃப்ளாப்) திறனுள்ள பரம் பிரவேகா. தமிழ்நாட்டுக்கு இந்த வேலை புதிதும் இல்லை. 2004-இலேயே சென்னை கணித அறிவியல் நிறுவனத்து இயற்பியலாளர்கள் 144 கணுக்களைக் கோத்து கப்ரு என்ற கணினியைத் தங்கள் ஆய்வுக்காக அமைத்திருந்தார்கள். இயந்திரங்கள் வந்துகொண்டேதான் இருக்கின்றன. அவற்றில் வேலை செய்யப் பழகிய ஆய்வாளர்கள்தான் போதவில்லை.

எந்த நிரலைக் கொண்டு வருவது

ஒரு உதாரணத்தைக் கையில் வைத்துக்கொண்டு பேசினால் தெளிவாக இருக்கும். பாலாற்றுப் படுகையின் நிலத்தடி நீரைக் கணக்கிடும் ஒரு நிரல் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கர்நாடகத்தில் பிறந்து, ஆந்திரத்தைக் கடந்து, வாணியம்பாடி வழியாக நம் பக்கம் வருகிற பாலாற்றில் வருடத்தில் பெரும்பாலான நாட்கள் மணல்தான் தெரியும். நீர் அதற்குக் கீழே நகர்கிறது. அந்த நீரில் தோல் ஆலைக் கழிவு கலந்தது பற்றி 1996-இல் உச்ச நீதிமன்றமே தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் உப்பும் குரோமியமும் எந்தக் கிணற்றுப் பக்கம், எவ்வளவு வேகத்தில் நகர்கின்றன என்பது குடிநீர்க் கேள்வி. ஆகவே இந்தக் கணக்கு வேகமாக ஓடினால் அதற்கு ஒரு பயன் இருக்கிறது.

படுகையை 30 மீட்டர் கட்டங்களாகப் பிரித்து, ஒரு பக்கத்துக்கு 4,000 கட்டம் வைத்தால் 120 கிலோமீட்டர் சதுரம் அடங்கும். மொத்தம் 1.6 கோடி கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் நீர்மட்டம் எவ்வளவு என்பதை, அதன் நாலு பக்கத்துக் கட்டங்களைப் பார்த்து, திரும்பத் திரும்பத் திருத்திக்கொண்டே வர வேண்டும்.

ஹேக்கத்தானுக்கு இப்படிப்பட்ட நிரல் நன்றாகப் பொருந்தும். விடை சரியாக வருகிறது, ஆனால் நேரம் ஆகிறது. மூலநிரல் கையில் இருக்கிறது. எழுதியவரோ அதை நன்றாக அறிந்தவரோ அணியில் இருக்கிறார். இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் வேறு நிரலைப் பாருங்கள். விடையே இன்னும் சரியாக வராத நிரலைக் கொண்டு வந்தால் நாலு நாளும் பிழை தேடுவதிலேயே போய்விடும். காசு கொடுத்து வாங்கிய மூடிய மென்பொருளில் உள்ளே கை வைக்க முடியாது. க்ரோமாக்ஸ், லாம்ப்ஸ் மாதிரி மூலக்கூறு இயக்க மென்பொருள்கள் ஏற்கெனவே ஜிபியுவில் நன்றாக ஓடுகின்றன. அவற்றைப் பயன்படுத்துகிறவர்களுக்கு, சரியான அமைப்போடு எப்படி ஓட்டுவது என்ற சின்னப் பயிலரங்கே போதும்.

மருத்துவ ஆய்வாளர்களுக்கு ஒரு வார்த்தை. வேலூரில் இது அவசியம் என்பதால் சொல்கிறேன். நோயாளியின் தரவு எதையும் வெளிக் கணினிக்குக் கொண்டு வராதீர்கள். பெயரை நீக்கிவிட்டோம் என்பது போதாது. எதிக்ஸ் கமிட்டி அனுமதி எந்தக் கணினிக்கு, எந்த வேலைக்கு என்று பாருங்கள். நிரலைச் சோதிக்க 1000 ஜீனோம் திட்டம் மாதிரிப் பொதுவில் கிடைக்கும் தரவோ, நீங்களே உருவாக்கிய போலித் தரவோ போதும். வேகத்தைப் பார்க்க உண்மையான நோயாளி தேவையில்லை.

அணி, விண்ணப்பம்

அறிவியல் தெரிந்தவர் ஒருவர், நிரல் தெரிந்தவர் ஒருவர், கற்றுக்கொள்ளும் ஆர்வமுள்ள இளையவர் ஒருவர். இது போதும். கைடு பெயரை அணியில் போட்டுவிட்டு அவர் வராமல் இருப்பது வழக்கம். அது பரவாயில்லை, ஆனால் நாலு நாளும் உங்களை வேறு வேலைக்குக் கூப்பிடாமல் இருக்க அவரிடம் முன்பே பேசிவிடுங்கள். பாதி நாள் வந்து பாதி நாள் போகிறவர்களால் அணி மொத்தமும் தடுமாறும்.

விண்ணப்பத்தில் அறிவியலைப் பற்றி ஒரு பத்தி போதும். மிச்சத்தை நிரலுக்கு ஒதுக்குங்கள்: எந்த மொழி, எத்தனை வரி, எந்த நூலகங்களை நம்பியிருக்கிறது, இப்போது எத்தனை கோரில் (சிபியுவுக்குள் தனித்தனியாகக் கணக்குப் போடும் பகுதி) எவ்வளவு நேரம் ஓடுகிறது, எங்கே நேரம் போவதாக நினைக்கிறீர்கள். உங்களுக்கு எந்த மென்டரைத் தருவது என்று முடிவு செய்வது இதை வைத்துத்தான். ஆய்வுக் கட்டுரைச் சுருக்கத்தை அப்படியே ஒட்டினால் பொருத்தமில்லாத ஆள் வந்து உட்காருவார்.

வருவதற்கு முன் முடிக்க வேண்டியவை

முதல் நாள் காலையில் நிரல் கம்பைல் ஆகாமல் மதியம் வரை போராடும் அணிகள் எல்லா இடத்திலும் உண்டு. இரண்டு வாரம் முன்பே அந்தக் கணினிக்குள் நுழைய லாகின் கிடைத்துவிடும். அப்போதே உள்ளே போய், அங்கே இருக்கிற கம்பைலரில் உங்கள் நிரல் ஓடுகிறதா என்று பார்த்துவிடுங்கள். விண்டோஸில் மட்டுமே வேலை செய்தவர்கள் லினக்ஸ் கட்டளைகளைக் கொஞ்சம் பழகிக்கொள்ள வேண்டும். அப்புறம் ஸ்லர்ம், அதாவது பலருடைய கணக்குகளை வரிசையில் வைத்து ஓட்டும் மென்பொருள். பெரிய கணினியில் நீங்கள் நுழையும் இடம் வாசல் மட்டும்தான். கணக்கை அங்கே ஓட்டக் கூடாது. எத்தனை கோர், எத்தனை நிமிடம் வேண்டும் என்று ஒரு சின்னக் கோப்பில் எழுதி வரிசையில் போட வேண்டும். வாசலிலேயே கணக்கை ஓட்டினால் எல்லாருக்கும் கணினி திணறும், நிர்வாகியிடமிருந்து மெயிலும் வரும்.

ஒவ்வொரு மாற்றத்தையும் பதிவு செய்து வைக்கும் கிட் மென்பொருளில் நிரலை ஏற்றுங்கள். ‘ஃபைனல்’, ‘ஃபைனல்_புதுசு’, ‘ஃபைனல்_சார்_பார்த்தது’ என்று கோப்புறைகள் வைத்திருப்பவர்களுக்கு இது கொஞ்சம் சிரமமாக இருக்கும். ஆனால் மூன்று பேர் ஒரே நாளில் ஒரே நிரலில் கை வைக்கப் போகிறார்கள். எந்த மாற்றத்தால் விடை கெட்டது என்று கண்டுபிடிக்க வேறு வழி கிடையாது.

இதை விட முக்கியமானது சோதனை. இதற்குத் தனியாக ஒரு நாள் ஒதுக்குங்கள். இரண்டு நிமிடத்துக்குள் ஓடி முடிகிற ஒரு சின்னக் கணக்கும், அதன் சரியான விடையும் கையில் இருக்க வேண்டும். நம் நிலத்தடி நீர் உதாரணத்தில் இதற்கு நல்ல வழி இருக்கிறது. ஒரே ஒரு கிணற்றிலிருந்து நீர் இறைத்தால் சுற்றுப்புற நீர்மட்டம் எப்படி இறங்கும் என்பதற்கு நீரியலாளர் தைஸ் 1935-இல் ஒரு சூத்திரம் கொடுத்திருக்கிறார். நிரலின் விடையை அந்தச் சூத்திரத்தோடு ஒப்பிடலாம். இரண்டாவது, நீர்க்கணக்கு: உள்ளே வந்த நீரிலிருந்து வெளியே போனதைக் கழித்தால் சேமிப்பில் ஏற்பட்ட மாற்றம் வர வேண்டும். எந்த மாற்றம் செய்தாலும் இந்த இரண்டையும் ஓட்டிப் பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை. விடை கடைசி இலக்கம் வரை அப்படியே பொருந்த வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். கணினியில் தசம எண்களைக் கூட்டும் வரிசை மாறினால் கூட்டுத்தொகையின் கடைசி இலக்கங்களும் மாறும். இணையாக ஓடும்போது அந்த வரிசை மாறத்தான் செய்யும். உங்கள் அறிவியலுக்கு எத்தனை இலக்கம் வரை சரியாக இருந்தால் போதும் என்று முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். நீர்மட்டத்தை மில்லிமீட்டருக்கு மேல் துல்லியமாக யாரும் அளக்கப் போவதில்லை. இந்த முடிவை மென்டரால் எடுக்க முடியாது. விஞ்ஞானிதான் எடுக்க வேண்டும்.

முதலில் அளந்து பாருங்கள்

எங்கே நேரம் போகிறது என்று எல்லாருக்கும் ஒரு ஊகம் இருக்கும். அதை நம்பி வேலையைத் தொடங்காதீர்கள். ஜிப்ரொஃப், பெர்ஃப், என்விடியாவின் என்சைட் மாதிரிக் கருவிகள் எந்தச் செயற்கூறில் எத்தனை சதவீத நேரம் போகிறது என்று காட்டும். நம் உதாரணத்தில் 90 சதவீதம் நீர்மட்டத்தைத் திருத்தும் லூப்பிலும், 10 சதவீதம் விடைகளை டெக்ஸ்ட் கோப்பாக எழுதுவதிலும் போகிறது என்று வைத்துக்கொள்வோம்.

இங்கே கணினி வடிவமைப்பாளர் ஜீன் ஆம்டால் 1967-இல் சொன்ன விதி வேலைக்கு வருகிறது. 90 சதவீதத்தை மட்டும் 16 கோர்களுக்குப் பங்கிட்டால் கிடைக்கும் வேகம் 16 மடங்கு அல்ல, 6.4 மடங்குதான். கோர்களை ஆயிரமாக்கினாலும் 10 மடங்கைத் தாண்டவே தாண்டாது, ஏனென்றால் கோப்பு எழுதும் அந்த 10 சதவீதம் குறையாமல் அப்படியே இருக்கிறது. ஆகவே முதல் நாளில் செய்ய வேண்டிய வேலை ஜிபியு அல்ல. கணக்கில் வரும் ஒவ்வொரு நாளுக்கும் விடை எழுதுவதை மாதத்துக்கு ஒருமுறை என்று மாற்றி, டெக்ஸ்டுக்குப் பதில் நெட்சிடிஎஃப் என்ற அறிவியல் தரவு வடிவத்தில் எழுதினால் அந்த 10 சதவீதம் ஏறக்குறைய மறைந்துவிடும். ஒரு மணி நேர வேலை. இதைச் செய்து முடித்த அணி மதியச் சாப்பாட்டுக்குத் தெம்பாகப் போகும்.

ஒரே ஒரு லூப்

அடுத்து அந்த 90 சதவீத லூப். இந்த இடத்தில் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள், ஏனென்றால் இணைக் கணிமையின் பாடம் பெரும்பகுதி இதற்குள்ளேயே அடங்கியிருக்கிறது.

ஓப்பன்எம்பியில் லூப்புக்கு மேலே ஒரு வரி சேர்த்தால் போதும், கம்பைலர் அதைக் கோர்களுக்குப் பங்கிட்டுவிடும். அணி அந்த வரியைச் சேர்க்கிறது. வேகம் கூடுகிறது. ஆனால் ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் விடை கொஞ்சம் மாறுகிறது. தைஸ் சோதனையும் தோற்கிறது. அப்போது மேசையில் நடக்கிற பேச்சு இப்படி இருக்கும்.

“மேடம், இடது பக்கக் கட்டத்தோட மதிப்பை எடுக்குறீங்களே, அது போன சுற்றோட பழைய மதிப்பா, இப்பக் கணக்குப் போட்ட புது மதிப்பா?”

“புதுசுதான் சார். அப்பத்தானே சீக்கிரம் விடைக்கு வரும்.”

“சரி. அந்தக் கட்டத்தை அதே நேரத்துல வேற ஒரு கோர் எழுதிக்கிட்டு இருந்தா, உங்களுக்குக் கிடைக்கிறது பழசா புதுசா?”

கேள்வி கேட்டவர் அதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். கேட்டவுடனே அந்த ஆய்வாளருக்குப் புரிந்துவிடும். அவர் எழுதியிருப்பது காஸ்-சைடல் முறை. அதில் ஒவ்வொரு கட்டமும் தனக்கு முந்தின கட்டத்தின் புது மதிப்புக்காகக் காத்திருக்கிறது. தனி ஆளாக ஓடும்போது இது நல்ல உத்தி. பல கோர் ஒரே நேரத்தில் ஓடும்போது எது முந்துகிறது என்பதைப் பொறுத்து விடை மாறுகிறது.

தீர்வு இரண்டு உண்டு. பழைய மதிப்புகளுக்கு ஒரு அரே, புதியவற்றுக்கு ஒரு அரே என்று பிரித்துக்கொள்வது ஜாக்கோபி முறை. எழுத எளிது, ஆனால் விடைக்கு வந்து சேர ஏறக்குறைய இரண்டு மடங்கு சுற்றுகள் தேவைப்படும். மற்றது, கட்டங்களைச் சதுரங்கப் பலகை மாதிரி சிவப்பு, கறுப்பு என்று பிரிப்பது. சிவப்புக் கட்டத்துக்கு நாலு பக்கமும் கறுப்புதான் இருக்கும். ஆகவே எல்லாச் சிவப்பையும் ஒரே நேரத்தில் திருத்தலாம், யாரும் யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம். அது முடிந்ததும் எல்லாக் கறுப்பையும். எந்த முறை என்பதை அணியே முடிவு செய்யட்டும். இரண்டையும் எழுதி அளந்து பார்க்க ஒரு நாள் ஆனாலும் அது வீண் போகாது. என் அனுபவத்தில், இந்த ஒரு லூப்பைத் தன் கையால் சரி செய்தவர் அடுத்த லூப்புக்கு மென்டரைத் தேட மாட்டார்.

மென்டராக வருகிறவர்களுக்கு இங்கேயே ஒரு வேண்டுகோள்: கீபோர்டைத் தொடாதீர்கள். பத்து நிமிடத்தில் நீங்கள் எழுதிவிடுவீர்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். அவர்கள் இரண்டு மணி நேரம் எடுத்து எழுதட்டும். நீங்கள் எழுதிக் கொடுத்த நிரல் வேகமாக ஓடும், நீங்கள் ஊருக்குப் போனதும் அதைத் தொட ஆள் இருக்காது. முடிந்தவரை தமிழில் பேசுங்கள். நம் கல்லூரிகளில் நன்றாக வேலை தெரிந்த பலர் ஆங்கிலத்தில் கேள்வி கேட்கத் தயங்கியே வாயை மூடிக்கொண்டிருப்பார்கள்.

ஜிபியுவுக்குப் போகும்போது

இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ அந்த லூப்பை ஓப்பன்ஏசிசி வழியாக ஜிபியுவுக்கு அனுப்புவீர்கள். முதல் முயற்சியில் சிபியுவை விட மெதுவாக ஓடும். இது ஏறக்குறைய எல்லா அணிக்கும் நடப்பது. மனம் தளர வேண்டாம். காரணத்தை ஒரு தாளில் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

1.6 கோடி கட்டங்கள், ஒவ்வொன்றுக்கும் 8 பைட். மொத்தம் 128 மெகாபைட். சிபியுவுக்கும் ஜிபியுவுக்கும் நடுவில் இருக்கும் பிசிஐ பாதையில் நடைமுறையில் வினாடிக்கு சுமார் 12 கிகாபைட் போகும் என்று வைத்தால், அரேயை அனுப்ப 10 மில்லிவினாடிக்கு மேல், திரும்ப வாங்க அதே அளவு. என்விடியாவின் வி100 ஜிபியுவுக்குள் நினைவகத்தின் வேகம் வினாடிக்கு சுமார் 900 கிகாபைட். அரேயை ஒருமுறை படித்து ஒருமுறை எழுத 0.3 மில்லிவினாடி போதும். அதாவது 0.3 மில்லிவினாடி வேலைக்காக 20 மில்லிவினாடி போக்குவரத்து. ஒவ்வொரு சுற்றுக்கும் அப்படியே நடந்தால் எப்படி வேகம் வரும்?

ஆகவே தரவைத் தொடக்கத்தில் ஒருமுறை அனுப்பி, எல்லாச் சுற்றும் முடியும் வரை ஜிபியுவிலேயே வைத்திருக்க வேண்டும். ஓப்பன்ஏசிசியில் இதற்கென்று தனிக் கட்டளை உண்டு. விடை வந்துவிட்டதா என்ற சோதனையையும் ஒவ்வொரு சுற்றிலும் செய்யாமல் 50 சுற்றுக்கு ஒருமுறை செய்தால் போதும். இன்னொன்று: ஃபோர்ட்ரானில் அரேயின் முதல் குறியீடு நினைவகத்தில் அடுத்தடுத்து இருக்கும், சியில் கடைசிக் குறியீடு. உள் லூப் அதன் மேல்தான் ஓட வேண்டும். சியிலிருந்து ஃபோர்ட்ரானுக்கோ, மறுபக்கமோ பெயர்த்த நிரல்களில் இது தலைகீழாக இருப்பதைப் பார்க்கலாம். இரண்டு வரியை இடம் மாற்றினாலே நேரம் பாதியாகக் குறைவது உண்டு.

தினமும் ஒருமுறை எழுந்து சொல்லுங்கள்

ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு அணியும் ஐந்து நிமிடம் பேச வேண்டும்: என்ன செய்தோம், எங்கே மாட்டிக்கொண்டோம், நாளை என்ன. மாட்டிக்கொண்டதைச் சொல்வதற்குத்தான் இந்த நேரம். நிலத்தடி நீர் அணி சொல்கிற சிக்கலை, வெப்பக் கடத்தல் கணக்கு செய்கிற பக்கத்து அணி நேற்றே தீர்த்திருக்கும். ஸ்லைடு செய்ய நேரம் செலவழிக்காதீர்கள். எங்கே நேரம் போகிறது என்று காட்டும் புரொஃபைல் படம் ஒன்று போதும்.

எத்தனை மடங்கு என்று சொல்லும்போது

கடைசி நாளில் ஒவ்வொருவரும் ‘இத்தனை மடங்கு வேகம்’ என்று ஒரு எண்ணைக் காட்டுவார்கள். இதைப் பற்றி எனக்குக் கண்டிப்பான கருத்து உண்டு. ஒரே கோரில், கம்பைலரின் வேகப்படுத்தும் வசதி (ஆப்டிமைசேஷன்) எதுவும் போடாமல் கம்பைல் செய்த நிரலோடு ஜிபியுவை ஒப்பிட்டால் 100 மடங்கு கூட வரலாம். அந்த எண்ணால் யாருக்கும் பயன் இல்லை. ஒப்பிட வேண்டியது, சிபியுவின் எல்லாக் கோர்களையும் பயன்படுத்தி, முழு ஆப்டிமைசேஷனோடு ஓடும் நிரலோடுதான்.

நம் உதாரணம் மாதிரிக் கணக்குகளில் வேகத்தைத் தீர்மானிப்பது நினைவகம். வி100 வந்த காலத்து இரண்டு சிபியு கொண்ட சர்வரில் நினைவக வேகம் வினாடிக்கு சுமார் 200 கிகாபைட், ஜிபியுவில் 900. ஆகவே நாலரை மடங்கு கிடைத்தால் அது நல்ல வெற்றி. உங்கள் அணி 80 மடங்கு காட்டினால் கைதட்டுவதற்கு முன் அடிப்படை எண்ணைச் சந்தேகப்படுங்கள். இதே காரணத்துக்காகத்தான் அதிக மடங்குக்குப் பரிசு கொடுக்கும் பழக்கத்தை நான் எதிர்க்கிறேன். மிக மோசமான நிரலோடு வந்த அணிதான் ஜெயிக்கும்.

வேகத்தை மடங்கில் மட்டும் சொல்லாமல், அதனால் என்ன செய்ய முடிகிறது என்றும் சொல்லுங்கள். இரண்டு நாள் ஓடிய கணக்கு இரண்டு மணி நேரத்தில் முடிந்தால், ஒரே ஒரு மழை அளவுக்குப் பதில் இருபது மழை அளவுகளுக்குக் கணக்குப் போடலாம். 2021 நவம்பரில் பாலாற்றில் வந்த மாதிரி வெள்ளத்தையும் சேர்த்துப் பார்க்கலாம், வறண்ட வருடங்களையும் பார்க்கலாம்.

ஊருக்குத் திரும்பிய பிறகு

முதல் வாரத்துக்குள் செய்ய வேண்டியது, மாற்றங்களை முதன்மை நிரலோடு இணைப்பது. தள்ளிப்போட்டால் லேப்பில் மற்றவர்கள் பழைய நிரலில் வேலையைத் தொடர்வார்கள், இரண்டும் பிரிந்தே போய்விடும். அப்புறம் கணினி நேரத்துக்கு விண்ணப்பிக்கலாம். தேசிய மையங்களில் நேரம் கேட்கும்போது, எத்தனை கோர் வரை உங்கள் நிரல் வேகம் கூடுகிறது என்ற வரைபடம் கேட்பார்கள். ஹேக்கத்தானில் அளந்த எண்கள் இதற்கு அப்படியே உதவும், அதனால் ஒவ்வொரு அளவையும் எந்தக் கம்பைலர், எந்த அமைப்பு என்ற விவரத்தோடு குறித்து வையுங்கள்.

வேலூரிலேயே நடத்த நினைத்தால்

நடத்தலாம். நாலு அணி போதும், ஆறுக்கு மேல் வேண்டாம். மென்டர்களைச் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் அழைக்கலாம். இரண்டு ஊரிலிருந்தும் காட்பாடிக்குச் சில மணி நேர ரயில் பயணம்தான் என்பது நமக்குப் பெரிய வசதி. ஏப்ரல், மே வேண்டாம். வெயிலும் விடைத்தாள் திருத்தும் வேலையும் சேர்ந்தே வரும். மாவட்டம் மூன்றாகப் பிரிந்தாலும் ஆய்வாளர்கள் எல்லாம் பக்கத்திலேயே இருக்கிறார்கள். திருப்பத்தூர், ராணிப்பேட்டைக் கல்லூரிகளுக்கும் அழைப்பு அனுப்புங்கள். காவலூர் வானாய்வகத்துத் தரவை வைத்து வேலை செய்கிறவர்களையும் கேட்டுப் பாருங்கள், படச் செயலாக்கம் ஜிபியுவுக்கு நன்றாகப் பொருந்தும்.

பெரிய கணினி உங்களிடம் இல்லை என்பது தடையல்ல. தொலைவிலிருந்தே உள்ளே போகலாம். ஆனால் இரண்டு விஷயத்தை முன்பே முடிக்காவிட்டால் மொத்த நிகழ்ச்சியும் நின்றுவிடும். ஒன்று, அந்த நாலு நாளுக்குச் சில கணுக்களை உங்களுக்கென்று ஒதுக்கி வைக்கும்படி கணினி மையத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குவது. ஒதுக்கீடு இல்லையென்றால் ஒவ்வொரு சின்னச் சோதனையும் வரிசையில் மணிக்கணக்கில் காத்திருக்கும், கற்றுக்கொள்கிறவர்களின் ஆர்வம் அங்கேயே வடிந்துவிடும். இரண்டாவது, உங்கள் வளாகத்து ஃபயர்வால். தொலைவிலிருந்து உள்ளே போக உதவும் எஸ்எஸ்ஹெச் பயன்படுத்தும் 22-ஆம் எண் போர்ட்டைப் பல கல்லூரிகளில் மூடி வைத்திருப்பார்கள். ஐடி துறைக்குக் கடிதம் கொடுத்து, அனுமதி வாங்கி, நிகழ்ச்சி நடக்கும் அதே அறையிலிருந்து, அதே வைஃபையில், ஒரு மாணவருடைய லேப்டாப்பில் சோதித்துப் பாருங்கள். ஹாலில் எத்தனை பிளக் பாயின்ட் இருக்கிறது என்றும் எண்ணிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மேசைக்கும் ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டும். ஜெனரேட்டர் இருக்கிற கட்டடமாகத் தேர்ந்தெடுத்தால் நல்லது.

ஒரு வாரத்துக்கு முன் அரை நாள் ஒதுக்கி, எல்லா அணிகளையும் ஆன்லைனில் கூப்பிட்டு ஸ்லர்ம், கிட், ஓப்பன்எம்பி மூன்றையும் தொட்டுக் காட்டுங்கள். ஒவ்வொரு அணியும் தன் நிரலை அந்தக் கணினியில் கம்பைல் செய்து, சோதனையை ஓட்டி, புரொஃபைல் படத்தை மென்டருக்கு அனுப்பிய பிறகுதான் வரலாம் என்று நிபந்தனை வையுங்கள். கடுமையாகத் தோன்றும், ஆனால் இதனால்தான் முதல் நாள் மிஞ்சும்.

ஆறு மாதம் கழித்து ஒவ்வொரு அணிக்கும் ஃபோன் செய்யுங்கள். இரண்டு கேள்வி போதும்: வேகமாக்கிய நிரலைத்தான் இப்போது லேப்பில் ஓட்டுகிறார்களா, அதற்குப் பிறகு வேறு ஏதாவது லூப்பை அவர்களாகவே மாற்றினார்களா. அடுத்த தடவை எந்த மென்டரைத் திரும்ப அழைப்பது, எதை மாற்றுவது என்பதை அந்தப் பதில்களை வைத்து முடிவு செய்யலாம்.